விழுந்து முளைக்கும் பல்தானே! - பிள்ளைகளின் தின்பண்டமும் பற்சூத்தையும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை இரவு. தரம் 4 இல் படிக்கும் என் மகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். "வாப்பா, பல்லுக்குத்து தாங்க ஏலாம இருக்கு" என்றாள். என் உம்மா கராம்பு ஒன்றை நசுக்கி வைத்துவிட்டார். கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் பிள்ளையின் வலது பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக் கிடக்கிறது.

அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் சென்றோம். வைத்தியர் ஒரு பெண். வாயைத் திறந்து பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் ஏன் கொண்டு வரல்ல, சேர்?"

"பால்பல்தானே டொக்டர், விழுந்து முளைக்கும் என்று இருந்துவிட்டோம்" என்றேன்.

"இது பால்பல் இல்ல சேர். ஆறு வயசுல முளைச்ச நிரந்தரப் பல். அறுபது வயசு வரைக்கும் இருக்க வேண்டிய பல் இது. இனி இத காப்பாத்த ஏலாது."

பல்லைப் பிடுங்கினார்கள். ஒன்பது வயதில் என் மகள் ஒரு நிரந்தரக் கடைவாய்ப்பல்லை இழந்தாள்.

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியர். கிழக்குக் கரையோரத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் இருபத்தொரு வருடமாக அமிலமும் காரமும் படிப்பிக்கிறேன். முட்டைக் கோதை வினாகிரிக்குள் போட்டால் என்ன நடக்கும் என்று வருடந்தோறும் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறேன். அதே விடயம் என் பிள்ளையின் வாய்க்குள் தினமும் எட்டுத் தடவை நடந்துகொண்டிருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். நான் பல் வைத்தியன் அல்லன். அந்த வைத்தியர் எனக்கு விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும், என் வீட்டில் கண்டதையும் மற்றப் பெற்றோரோடு பகிர்ந்துகொள்வது மட்டுமே நோக்கம்.

ஆறு வயதுப் பல்

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நம்மில் பெரும்பாலானோர் விடும் பிழை இதுதான்.

பிள்ளைக்குப் பால்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறு வயதில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். அதே காலத்தில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் அவை வந்ததே பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் "இதுவும் பால்பல்" என்று நினைத்துவிடுகிறோம். வாழ்நாள் முழுவதும் உணவை மெல்லும் வேலையின் பெரும்பங்கு இந்தப் பற்கள் மீதுதான். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சூத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

பால்பல்லும் அலட்சியம் செய்யக்கூடியதல்ல. பாலகடைவாய்ப்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கின்றன. அவை நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவை. நேரத்துக்கு முன் அவற்றைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னால் வருபவை கோணல்மாணலாக முளைக்கும். வலி வந்தால் பிள்ளை சாப்பிடாது, தூங்காது, பாடத்தில் கவனம் இருக்காது.

"நாங்க பல்லுத் தீட்டுறதானே?"

வைத்தியரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது. "பிள்ளை காலையில் ஒழுங்காகப் பல் துலக்குகிறதே டொக்டர், எப்படி இது?"

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு தாளைத் தந்தார். "நேற்று காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பிள்ளை என்னென்ன சாப்பிட்டா, எத்தனை மணிக்கு, எழுதுங்க" என்றார். விடுமுறையாதலால் அதற்கு முந்திய பாடசாலை நாளொன்றை நினைவுபடுத்தி, மகளையும் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

காலை 6.15: இரண்டு கரண்டி சீனி போட்ட பால்தேநீர், பிஸ்கட்.
10.30 இடைவேளை: சீனி பணிஸ், ஒரு ஜூஸ் பக்கட். ஜூஸ் முடிய அடுத்த பாடவேளையும் ஆகும்.
1.30 பாடசாலை விட்டதும்: ஐஸ் பக்கட்.
2.15: பகல் சோறு.
3.45 குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும்போது: பையில் இரண்டு மூன்று டொபி.
5.30: தேநீர், கேக் அல்லது பிஸ்கட்.
மஃரிபுக்குப் பிறகு படிக்கும்போது: ஒரு பைக்கட் சிப்ஸ் அல்லது மிக்சர்.
9.30 படுக்கும்போது: சீனி போட்ட பால் ஒரு கோப்பை.

வைத்தியர் பேனையால் எண்ணினார். "எட்டுத் தடவை. இதுல எது கூடாத சாப்பாடு என்று நான் சொல்ல வரல்ல சேர். எத்தனை தடவை என்றதுதான் விஷயம்."

அந்த ஒரு வசனம்தான் இந்தக் கட்டுரையின் சாரம். அதற்குப் பின்னால் உள்ள விஞ்ஞானம் மிக எளிமையானது.

வாய்க்குள் நடப்பது என்ன?

நம் பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருமே, அதுதான். அதற்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சீனி சாப்பிடும்போது அவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு அமிலத்தைக் கழிவாக விடுகின்றன. சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பு அமிலமாகிவிடும்.

பல்லின் வெளிமூடியான எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனாலும் அது கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த ஒரு கனிமம். அமிலத்துக்கு அது தாங்காது. பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 5.5 க்குக் கீழே இறங்கியதும் கனிமம் கரையத் தொடங்குகிறது. முட்டைக் கோது வேறு வகைக் கல்சியச் சேர்வை என்றாலும், வினாகிரிக்குள் அது மெலிந்து போவதும் இதுவும் ஒரே மாதிரியான கதைதான்.

அல்லாஹ் இதற்கு மருந்தையும் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறான். அதுதான் உமிழ்நீர். அது அமிலத்தைக் கழுவிச் சமப்படுத்துகிறது, கரைந்துபோன கனிமத்தை மீண்டும் பல்லில் படியச் செய்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரு தடவை சீனி சாப்பிட்டால் வாய் பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கலாம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் நான்கு தடவை சாப்பிடும் பிள்ளையின் பல், தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும், இரண்டு மணி நேரம் அமிலத்தில் இருக்கும். மிகுதி நேரமெல்லாம் உமிழ்நீர் பழுது பார்க்கும். எட்டுத் தடவை சாப்பிடும் பிள்ளைக்கு அது நான்கு மணி நேரம். ஒரு ஜூஸ் பக்கட்டை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் அமிலம்தான். உமிழ்நீருக்குத் தன் வேலையைச் செய்ய இடைவெளி கிடைப்பதில்லை. கரைவது கூடி, சேர்வது குறைந்து, ஒரு நாள் பல்லில் ஓட்டை விழுகிறது. பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. அமிலம் அரித்த குழிதான் அது.

சுவீடனில் கற்ற பாடம்

எவ்வளவு சீனி என்பதை விட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதே முக்கியம் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது 1940 களில் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு. லுண்ட் நகருக்கு அருகில் விபெஹோல்ம் என்ற நிலையத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களிடம் அது நடத்தப்பட்டது. அவர்களின் சம்மதம் பெறப்படவில்லை. அவர்களின் பற்கள் வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டன. அந்த அநியாயத்தை மறைத்து அந்த ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆனால் அதன் முடிவு தெளிவானது. பிரதான உணவோடு சேர்த்து இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சூத்தை பெரிதாகக் கூடவில்லை. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் டொபி சாப்பிட்டவர்களுக்கு அது வேகமாகக் கூடியது. அதன் பிறகு சுவீடன் நாட்டுப் பெற்றோர் ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு சனிக்கிழமைகளில் மட்டும். அந்தப் பழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அந்தப் பகல் சாப்பாட்டோடு பிள்ளைகளுக்கு விருப்பமான இனிப்பைக் கொடுத்தால் என்ன? இனிப்பைத் தடை செய்யாமல், அதற்கொரு நாளும் நேரமும் குறித்து வைப்பதுதான் இது.

எது எப்படிக் கெடுக்கிறது?

டொபி, ஜுஜுப்ஸ், லொலிபொப்: இவை வாயில் நீண்ட நேரம் கரைகின்றன, பல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொள்கின்றன.

பிஸ்கட், சீனி பணிஸ், கேக்: "டொபி கொடுப்பதில்லை, பிஸ்கட்தான்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரில் நானும் ஒருவன். பிஸ்கட் மாவாகி கடைவாய்ப்பல்லில் அப்பிக்கொள்கிறது. பிள்ளை பிஸ்கட் சாப்பிட்டு ஐந்து நிமிடம் கழித்து வாயைத் திறந்து பாருங்கள், தெரியும்.

சிப்ஸ், மிக்சர்: இனிப்பில்லையே என்று நினைக்கிறோம். சமைத்த மாப்பொருளை உமிழ்நீரே உடைத்துச் சீனியாக்கத் தொடங்கிவிடும். பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் சிப்ஸ் துணுக்கு பற்றீரியாவுக்கு உணவுதான். டொபி அளவுக்கு மோசமில்லை. ஆனால் படித்துக்கொண்டே ஒரு மணி நேரம் கொறிப்பது நல்லதல்ல.

கருப்பட்டி, தேன், பாணி: "சீனிதான் கூடாது, கருப்பட்டி இயற்கையானது" என்று என் உம்மா சொல்வார். பற்றீரியாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கருப்பட்டித் துண்டைக் கடித்துக் கடித்து பிளேன்டீ குடிப்பதும் பல்லுக்குச் சீனிதான். சீனி போடாத பிளேன்டீயோ பல்லுக்குப் பகை அல்ல.

குளிர்பானங்கள்: இவை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. சீனியைத் தின்று பற்றீரியா உண்டாக்கும் அமிலம் ஒரு பக்கம். பானத்திலேயே இருக்கும் பொஸ்போரிக் அமிலம், சித்திரிக் அமிலம் போன்றவை மறுபக்கம். கோலா வகைப் பானங்களின் பீ.எச். 2.5 அளவில்தான் இருக்கும். சீனி இல்லாதது என்று விற்கப்படும் கோலாவும் அமிலமானதே. அது சூத்தையை உண்டாக்காவிட்டாலும் எனாமலை நேரடியாகத் தேய்த்து மெலியச் செய்யும். அமிலப் பானம் குடித்த கையோடு பல் துலக்கினால் மெலிந்த எனாமல் இன்னும் தேயும். தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குவது நல்லது.

சிவப்பும் செம்மஞ்சளும்

நம் நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட நிறக் குறியீடு போட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைவென்றால் பச்சை.

நல்ல சட்டம். ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சிவப்பைக் கண்டால் தள்ளி வைக்கும் பெற்றோர் செம்மஞ்சளைக் கண்டால் பரவாயில்லை என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைப் பிள்ளை குடித்தால் 40 கிராம் சீனி உள்ளே போகிறது. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம் என்று வைத்தால் அது பத்துத் தேக்கரண்டி. பிள்ளையின் தேநீரில் பத்துக் கரண்டி சீனி போடும் உம்மா யாராவது இருக்கிறாரா?

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கப்படும் சீனி ஒருவரின் நாளாந்தச் சக்தித் தேவையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. 5 சதவீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. நம் பிள்ளை ஒரு போத்தலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது.

இரவுப் பால்

என் மகளின் பட்டியலில் வைத்தியர் சிவப்பு மையால் வட்டமிட்டது இரவு 9.30 பாலைத்தான்.

தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைந்துவிடும். பல்லைக் கழுவ ஆளில்லாத நேரம் அது. அந்த நேரத்தில் வாயில் சீனி இருந்தால் பற்றீரியாவுக்கு இரவு முழுவதும் பெருநாள். பால்போத்தலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளின் மேல்முன்பற்கள் இரண்டு மூன்று வயதிலேயே கறுத்துக் கரைந்து போவதை நாம் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்? "பிள்ளைக்குப் பல்லு பலம் இல்ல, கல்சியம் குறைவு" என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் கல்சியம் குறைவல்ல. சீனிப் பால் பல்லில் தங்கியதே காரணம். பாலைக் கொடுங்கள், சீனியில்லாமல் கொடுங்கள். கொடுத்த பிறகு பல்லைத் துலக்கிவிடுங்கள். துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

றமழானில்

நோன்பு நாட்களில் நாம் பகல் முழுவதும் வாயைக் கட்டுகிறோம். பல்லுக்கு அது ஓய்வாக இருக்க வேண்டும். ஆனால் பலருக்கு நோன்பு முடியும்போது பல்லுக்குத்து வருகிறது. ஏன்?

பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பதில் பயப்பட எதுவும் இல்லை. இரண்டு மூன்று பழம், பிறகு தண்ணீர், பிறகு கஞ்சி. எல்லாம் ஒரே வேளை. பிரச்சினை அதற்குப் பிறகுதான். சர்பத் ஒரு ஜக்கு மேசையில் இருக்கும், போகும்போதும் வரும்போதும் ஒரு கிளாஸ். தறாவீஹ் முடிந்து வந்ததும் தேநீரும் வட்டிலப்பமும். பிறகு சஹருக்கு வாழைப்பழம், தயிர், பாணி. சாப்பிட்டுவிட்டுப் பலர் வாயைக் கொப்பளிப்பதோடு சரி. சுபஹு தொழுதுவிட்டுப் படுத்துவிடுகிறோம். பாணி பல்லில் ஒட்டியபடியே இருக்க, வறண்ட வாயோடு பகல் முழுவதும் கழிகிறது.

இதை மாற்றுவது கடினமல்ல. இனிப்பை இஃப்தாரோடோ இராச் சாப்பாட்டோடோ முடித்துக்கொள்வது. இடையில் தண்ணீர். சஹர் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்து புளோரைட்டுப் பற்பசையால் துலக்குவது.

நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். வாய்ச் சுத்தத்தை வணக்கத்தோடு இணைத்துக் கற்ற சமூகம் நாம். மிஸ்வாக் பல்லின் மேலுள்ள படலத்தை உரசி எடுக்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் ஒரு தொழுகைக்கும் மறு தொழுகைக்கும் இடையில் மூன்று தடவை டொபி சூப்பினால் எந்த மிஸ்வாக்கும் எந்தப் பிரஷும் ஈடுகொடுக்காது.

என்ன செய்யலாம்?

வைத்தியர் எனக்குச் சொன்னவற்றையும் நாங்கள் வீட்டில் செய்தவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன்.

சீனி உள்ளே போகும் தடவைகளை நான்குக்குள் கொண்டு வாருங்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். இடையில் பசித்தால் கச்சான், அவித்த கடலை, முட்டை, கொய்யா, வெள்ளரிக்காய். பழத்தைப் பிழிந்து சாறாக்காமல் பழமாகவே கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர்.

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் 1000 பீ.பீ.எம். அளவிலாவது புளோரைட்டு உள்ள பற்பசையால் துலக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதன் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். துப்ப வேண்டும், ஆனால் தண்ணீரால் பலமாகக் கொப்பளிக்கத் தேவையில்லை. பல்லில் கொஞ்சம் புளோரைட்டு தங்கட்டும். அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலயப் பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட்டு கூடுதலாக இருப்பதால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. அப்படியான ஊர்களில் உள்ளவர்கள் பற்பசை பற்றிப் பல் வைத்தியரிடம் கேட்டு நடப்பது நல்லது.

ஏழு எட்டு வயது வரை பிள்ளையால் சரியாகத் துலக்க முடியாது. "போய்ப் பல்லுத் தீட்டு" என்று அனுப்பிவிட்டு நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் நின்று துலக்கிவிட வேண்டும்.

பல்லில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தழும்பு தெரிந்தால் அதுதான் சூத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் ஓட்டை இன்னும் விழவில்லை. சீனித் தடவையைக் குறைத்து, புளோரைட்டும் சேர்ந்தால் அது திரும்பவும் உறுதியாகலாம். ஆறு வயதுப் பல் முளைத்ததும் அதன் பள்ளங்களைப் பூசி அடைத்துவிடும் சிகிச்சையும் உண்டு. வலி வரும்வரை காத்திருந்தால் இந்த வாய்ப்புகள் எல்லாம் போய்விடும். மூன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்காக அரசாங்கம் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களை நடத்துகிறது. சிகிச்சை இலவசம். "பல்லுப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" போன்ற கதைகளை நம்பி நாம்தான் போவதில்லை.

தம்பியின் கடை

இதுவரை சொன்னது வீட்டுக் கணக்கு. வீட்டுக்கு வெளியே இருப்பதையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது.

நான் படிப்பிக்கும் பாடசாலை வாசலுக்கு எதிரே ஒரு சின்னக் கடை இருக்கிறது. அது என் வாப்பாவின் கடை. அந்த டொபிப் போத்தல்களின் வருமானத்தில்தான் நான் படித்து ஆசிரியரானேன். இப்போது தம்பி நடத்துகிறான். என் மகளின் ஒன்றரை மணி ஐஸ் பக்கட், மூன்றே முக்கால் மணி டொபி எல்லாம் அவளுக்கு அங்கே இலவசம். சாச்சாவின் அன்பு.

பல் பிடுங்கிய அடுத்த வாரம் தம்பியிடம் பேசினேன். அவன் கோபப்படவில்லை. "காக்கா, நான் விக்காட்டி அடுத்த கடைல வாங்குவாங்க. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பழம் விக்கிற விலைக்கு எந்தப் பிள்ள வாங்கும்? கையில இருக்கிற காசுக்கு டொபியும் ஐஸ் பக்கட்டும்தான் வரும்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. 2022 க்குப் பிறகு ஒரு பிள்ளையின் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதெல்லாம் சீனிதான். கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. நாங்கள் ஆசிரியர்கள் என்ன செய்கிறோம்? சரியான விடை சொன்னால் டொபி. பிறந்தநாள் என்றால் வகுப்புக்கே டொபி. மத்ரஸாவில் ஜுஸ்உ முடித்தால் இனிப்பு. விளையாட்டுப் போட்டியில் குளிர்பானம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. அவை அலுவலகக் கோப்புக்குள் இருக்கின்றன.

தம்பியும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். டொபிப் போத்தல்கள் பின் தட்டுக்குப் போயின. முன்னால் அவித்த கடலையும் கச்சானும் சின்னச் சின்னப் பைகளில், டொபிக்குக் கொடுக்கும் காசுக்கே. கடலையை அவித்துக் கொடுப்பது எங்கள் உம்மா. முதல் வாரம் பாதி மிஞ்சியது. இப்போது பாடசாலை விட்டு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஐஸ் பக்கட்டை நிறுத்த முடியவில்லை. வெயில் காலத்தில் அது இல்லாமல் கடை ஓடாது என்கிறான். அதை மறைக்கவில்லை. என் வகுப்பில் பரிசு இப்போது பென்சிலும் அழிறப்பரும். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இதைப் பேசியபோது, "சேர்ட மகளுக்குப் பல்லுப் போனதும்தான் சேருக்கு ஞானம் வந்திருக்கு" என்று ஒரு பெற்றோர் சொன்னார். சிரித்தார்கள். அவர் சொன்னதில் பிழையில்லை.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும், மத்ரஸாவும், பாடசாலை அபிவிருத்திக் குழுவும் ஒரே ஒரு தீர்மானம் எடுக்கலாம்: பிள்ளைக்குப் பரிசாகவும் அன்பாகவும் இனிப்பைக் கொடுப்பதை நிறுத்துவது. காசு செலவில்லாத தீர்மானம் அது.

என் மகளின் வாயில் இப்போது ஓர் இடைவெளி இருக்கிறது. பின்னால் வரவேண்டிய பல் முன்னால் சாய்ந்து வருமா, கம்பி போட வேண்டி வருமா என்று இனிமேல்தான் தெரியும் என்கிறார் வைத்தியர். சிரிக்கும்போது தெரியாது. இறைச்சியை ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லும்போது எனக்குத் தெரிகிறது.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். வயது ஐந்தரை. வெள்ளிக்கிழமை தோறும் அவனை மடியில் கிடத்தி, கைபேசி வெளிச்சத்தில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முரசைப் பார்க்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை கீழே இடது பக்கத்தில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. இன்ஷா அல்லாஹ், இந்தப் பல்லையாவது அவன் முதுமை வரைக்கும் கொண்டு போக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் இன்று இரவே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.